எழுந்திருக்காமல் பார்த்த படம்

எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால், துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவருக்கும் அதை முதலிலிருந்து சொல்ல வேண்டும். காலையில் என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்குக் கிளம்பினார், கடைசியாக என்ன பேசினார், அப்போது நீ எங்கே இருந்தாய். பத்துப் பேர் வந்தால் பத்துத் தடவை. பதினோராவது ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பக்கத்தில் இருப்பவர்கள், "சொல்லும்மா, எப்படி ஆச்சுன்னு இவங்களுக்கும் சொல்லு" என்று எடுத்துக் கொடுப்பார்கள். சொல்லச் சொல்லப் பாரம் குறையும் என்று நினைப்பு. போன ஆனி மாதம் என் புருஷன் போனபோது நானும் சொன்னேன். மூன்றாவது தடவைக்குள் வார்த்தைகள் எல்லாம் தங்கள் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. அதில் ஒரு பொய் இருந்தது. அதுவும் நன்றாகவே உட்கார்ந்துவிட்டது.

கதை சொல்வது எனக்குப் புதிதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் படத்தின் முடிவைச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

எங்கள் இருவருக்கும் ஒரே பைத்தியம்தான், பழைய துப்பறியும் படங்கள். அதிலும் பெரிய நடிகர்கள் நடித்து ஊரெல்லாம் பேசுகிற படம் என்றால் இரண்டு பேருக்குமே ஆகாது. ஒரு வாரம் ஓடிப் பெட்டிக்குள் போன படம் வேண்டும். காரணம் சொல்கிறேன். பெரிய நடிகர் இருந்தால் அவர் சாகமாட்டார், கொலையும் செய்திருக்கமாட்டார் என்பது டிக்கெட் கிழிக்கிறவனுக்கே தெரியும். முகம் தெரியாத நடிகர்கள் என்றால் யார் வேண்டுமானாலும் கொலைகாரனாக இருக்கலாம். வாழ்க்கையும் அப்படித்தான் என்று அவர் சொல்வார். அவருக்கு எதையாவது சொல்லி முடிக்க வேண்டுமென்றால் கடைசியில் வாழ்க்கையைச் சேர்த்துக்கொள்வார். நான் காதில் வாங்குவதில்லை.

முன்பெல்லாம் இந்தப் படங்களைத் தேடி அலைய வேண்டியிருந்தது. மன்னார்குடியில் கேசட் வாடகைக்கு விடுகிற கடையில் மேல் தட்டில் தூசி படிந்து கிடப்பதைத்தான் நாங்கள் கேட்போம். கடைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்ப்பார். இப்போது சிங்கப்பூரில் இருக்கும் மகன் பெரிய டிவி வாங்கி மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். எல்லாம் இணையத்தில் கிடக்கிறது. யாரோ புண்ணியவான்கள் ஏற்றி வைத்திருக்கிறார்கள். பாதிப் படங்களில் மூலையில் எவனுடைய முத்திரையோ முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். ஒரு படத்தில் ரீல் மாறிப்போய், செத்தவன் எழுந்து வந்து காபி குடித்தான். அதையும் பார்த்தோம்.

நான் மன்னார்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அதனால் படத்தில் விஷம் வந்தால் என் பங்குக்குக் கிண்டல் செய்வேன். மண்டையோடு படம் போட்டு 'விஷம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி நடுக்கூடத்து மேசையில் எவன் வைப்பான்? ஒரு மடக்குக் குடித்தவுடன் எவன் சுருண்டு விழுவான்? அவர் விவசாயி. வரப்பில் கதாநாயகன் பூட்ஸ் காலோடு ஓடினால், "விழுவான் பாரு, விழுவான் பாரு" என்று காத்திருப்பார். அவன் விழமாட்டான். அதில் அவருக்கு ஒவ்வொரு தடவையும் ஏமாற்றம்தான்.

பார்த்துப் பார்த்துச் சில சூத்திரங்களும் கண்டுபிடித்து வைத்திருந்தோம். போலீசுக்கு வலிய வந்து உதவுகிற டாக்டரை நம்பாதே. சக்கர நாற்காலியில் வருகிறவன் நடப்பான். பங்களாவில் ஊமைத் தோட்டக்காரன் இருந்தால் அவன் பேசுவான், அவன்தான் சி.ஐ.டி. பிணத்தின் மேல் விழுந்து மற்றவர்களைவிட அதிகமாக அழுகிறவளை ஒரு கண் பார்த்துக்கொள். இவ்வளவும் தெரிந்தும் பாதிப் படங்களில் தோற்றுத்தான் போவோம். தோற்பதற்காகத்தான் பார்ப்பதே.

ஆனால் அவர் ஒரு படத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை என்றே சொல்லலாம். எங்கள் வயலுக்குப் போர் மோட்டார்தான் துணை. ஆற்றில் தண்ணீர் வரும்வரை நாற்றங்காலை அதுதான் காப்பாற்ற வேண்டும். மோட்டார் ஓட மும்முனை மின்சாரம் வேண்டும். அது முறை வைத்துத்தான் வரும், ஒரு வாரம் காலையில், ஒரு வாரம் மத்தியானத்தில். எங்கள் கூடத்துச் சுவரில் ஒரு சின்ன விளக்கு வைத்திருந்தார், மும்முனை வந்தால் அது எரியும். எரிந்துவிட்டால் படத்தில் யார் கழுத்தில் கத்தி இருந்தாலும் எழுந்துவிடுவார். "நீ பாத்து வை, வந்து கேட்டுக்கறேன்" என்பார். சாப்பிடும்போது நான் மிச்சத்தைச் சொல்வேன். சுவாரசியமில்லாத முடிவு என்றால் நானே ஒன்றைச் செய்து சொல்வதும் உண்டு. "நீ சொல்றது படத்த விட நல்லாருக்கு" என்று இன்னும் ஒரு கரண்டி ரசம் கேட்பார்.

அன்றைக்கு மத்தியான முறை. காலையில் அவர் வழக்கம்போலத் தஞ்சாவூரில் இருக்கும் தன் அக்காவோடு போனில் பேசினார். தினமும் பேசுவார். பிறகு அடுப்படிக்கு வந்து பெருங்காயம் போட்டு மோர் கேட்டார். கரைத்துக் கொடுத்தேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. மத்தியானம் இரண்டு கை சாதம்தான் சாப்பிட்டார். அதையும் கேட்கவில்லை. நான் முதல் நாளே ஒரு படம் தேடி எடுத்து வைத்திருந்தேன். மலைமேல் ஒரு லாட்ஜ், மழையில் பாதை அடைபட்டு ஏழு பேர் மாட்டிக்கொள்கிறார்கள், இரண்டாவது ரீலில் ஒருவர் காலி. மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு மணிக்கு விளக்கு எரிந்தது. அவர் எழுந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நிலைப்படியில் ஒரு நிமிடம் நின்றார். படத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். "வரேன்" என்றார். நான் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, "ம்" என்றேன்.

மோட்டார் கொட்டகைக்கு நடந்தால் எட்டு நிமிடம். போட்டுவிட்டு இருபது நிமிடத்தில் திரும்பிவிடுவார், கடைசிக் காட்சிக்காவது வந்துவிடப் பார்ப்பார். அன்று வரவில்லை. மடையில் ஏதோ அடைப்பு, வெட்டிவிட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்வதானால் அதுகூட நினைக்கவில்லை. அவர் இல்லாததில் எனக்கு ஒரு சின்ன சௌகரியம் இருந்தது. பக்கத்தில் இருந்தால் இவன்தான், இவன்தான் என்று நச்சரிப்பார். லாட்ஜ் சமையல்காரன்தான் என்று நான் முதலிலேயே முடிவு செய்திருந்தேன். அது சரிதானா என்று நிம்மதியாகப் பார்க்கலாம் என்று இருந்தேன். ஐம்பது நிமிடம். நடுவில் இரண்டு பாட்டு. பாட்டைக்கூடத் தள்ளவில்லை.

சமையல்காரன்தான். நான் ஜெயித்த சந்தோஷத்தில் எழுந்து சோம்பல் முறித்தபோது பக்கத்து வயல்காரர் பைக்கில் வந்து வாசலில் நின்றார். "அண்ணன் கொட்டாயிகிட்ட விழுந்து கெடக்காரு, தண்ணி நாத்தங்கால் மேல ஏறி ஓடுது" என்றார். மன்னார்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இளவயது டாக்டர், நல்ல மாதிரி. மாரடைப்பு என்றார். "அரை மணி முன்னாடி கொண்டு வந்திருந்தா ஏதாவது பண்ணிப் பாத்திருக்கலாம்மா" என்றார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை, அவருக்கு வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். நாங்கள் கிளம்பியதற்கு அரை மணி முன்னால் இரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு எனக்கு உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னமோ போல இருக்குமே, அப்படி இருந்தது. உடலைக் கொண்டுவந்து கூடத்தில் போட்டார்கள். பெண்கள் வந்து என் தோளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் கைகளை அவர்கள் மேல் போட்டுக்கொண்டேன். அழுகை வரவில்லை. யாரோ ஒருத்தி, "நெஞ்சு அடைச்சுப் போயி ஒக்காந்துருக்கா, அழ வைங்கடி" என்றாள். என் முகத்தைப் பிடித்து அவர் முகத்துக்கு நேரே திருப்பினார்கள். மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் சற்று அதிகமாக வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

நாத்தனார் சாயங்காலமே தஞ்சாவூரிலிருந்து வந்துவிட்டார். அவருக்கு எழுபது வயது இருக்கும், என் புருஷனை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அவர் அழுத அழுகையை ஊர் ரொம்ப நாள் பேசும். அன்று ராத்திரியிலிருந்து என்னைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், எப்படி ஆச்சு, நீ எங்க இருந்த. முதல் ஆள் கேட்டபோதே என் வாய், "கொல்லையில பாத்திரம் தேச்சுக்கிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டது. நான் யோசித்துச் சொல்லவில்லை. கொலைப் படம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது?

பதினாறு நாளும் அதையே சொன்னேன். காலையில் போன் பேசினார். பெருங்காயம் போட்டு மோர் கேட்டார். இந்த இடம் வந்ததும் நாத்தனார் குரலெடுத்து அழுவார். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில். மத்தியானம் இரண்டு கை சாதம். மோட்டார் போடப் போனார். நான் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அழாமல், தடுமாறாமல் சொன்னேன். படங்களில் எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்ட எனக்கு, என் கதை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று தெரிந்தது. உண்மை சொல்கிறவர்கள் நடுவில் திணறுவார்கள். இப்படிச் சொல்கிறவள்தான் பொய் சொல்கிறாள். ஒருத்தராவது பிடித்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் பிடிக்கவில்லை. நாத்தனார் மட்டும் பாத்திரம் என்ற சொல் வரும்போது என்னைப் பார்க்காமல் தரையைப் பார்ப்பார். அவர் பிணத்தின் மேல் விழுந்து அழுததும் எங்கள் பழைய சூத்திரமும் எனக்கு ஒரு தடவை நினைவுக்கு வந்தன. இந்த நேரத்தில் புத்தி போகிற போக்கைப் பார் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கருமாதி வரைக்கும் டிவியைப் போடக் கூடாதென்று அதன்மேல் ஒரு வேட்டியைப் போட்டு மூடியிருந்தார்கள். கருமாதி முடிந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மகன் கிளம்பினான். போகும்போது, "அம்மா, நீயும் அங்க வந்துரேன்" என்றான். நாற்று நட்டாகட்டும் என்றேன். மறுநாள் வேட்டியை எடுத்து மடித்து வைத்துவிட்டுப் படம் போட்டேன். அப்புறம் அதுவே ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு மூன்று படம். துப்பாக்கிச் சத்தமும் பெண்கள் அலறுவதும் தெரு வரைக்கும் கேட்கும். புருஷனைப் பறிகொடுத்தவள் வீட்டில் தினம் மூன்று கொலை நடக்கிறது என்று ஊர் பேசியதாகக் கேள்வி. பேசட்டும். எனக்குப் படங்கள் பிடித்ததா என்றால் அதுவும் இல்லை. யார் கொன்றால் என்ன என்று இருந்தது. சுவரில் விளக்கு எரியும், நான் எழுந்து போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வருவேன். வயலைக் குத்தகைக்கு விட ஆள் கிடைக்கும்வரை நானே பார்த்துக்கொண்டேன். கொட்டகை ஓரத்தில் அவர் விழுந்த இடம் எனக்குத் தெரியும். அதைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போவேன், வருவேன். எனக்கு அவர்மேல் பிரியமே இருந்ததில்லையோ என்றுகூட ஒரு நாள் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்ததே தவிர, அதனால் வருத்தம் வரவில்லை. அப்போதுதான் கொஞ்சம் பயந்தேன்.

நாத்தனார் மூன்றாம் மாதம் வந்தார். தஞ்சாவூரிலிருந்து பஸ் மாறி, பையில் வாழைக்காயும் ஒரு பொட்டலம் முறுக்கும் எடுத்துக்கொண்டு மத்தியானம் வந்து சேர்ந்தார். நான் படத்தை நிறுத்தினேன். "ஓடட்டும், ஓடட்டும்" என்றார். சாப்பிட்டோம். சாப்பிட்ட தட்டுகளை நான் எடுக்கப் போனபோது அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"ஒக்காரு. ஒண்ணு கேக்கணும். கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன்."

"சொல்லுங்க அண்ணி."

"அன்னிக்கு நான் வந்தப்ப அடுப்படியில பாத்திரமெல்லாம் சோறு காஞ்சுபோயி அப்படியே கெடந்துச்சு. தேச்சுக் கவுத்தது நானு."

எனக்குப் படபடப்பு வரவில்லை. பிடிபட்டவர்களுக்கு வருகிற ஒரு நிம்மதி இருக்கிறதே, அதுதான் வந்தது. படத்தில் கடைசிக் காட்சியில் கொலைகாரன் உட்கார்ந்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்வானே, ஏன் இவ்வளவு சாவகாசமாகச் சொல்கிறான் என்று நாங்கள் சிரிப்போம். அவன் அதற்காகத்தான் காத்திருக்கிறான் என்று அப்போது புரிந்தது. நானும் சொன்னேன். லாட்ஜ், மழை, ஏழு பேர், இரண்டு பாட்டு, ஐம்பது நிமிடம். டாக்டர் சொன்ன அரை மணியையும் சொன்னேன். "பாட்டத் தள்ளிருந்தாக்கூட எந்திரிச்சுப் போயிருப்பேன் அண்ணி" என்றேன்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்ட வேண்டும் என்றும் நினைத்தேன். அவர் சேலைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார்.

"பெருங்காயம் போட்டு மோரு குடிடான்னு சொன்னது நான்தாம்மா" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"காலையில போன்ல, நெஞ்சு ஒரு மாதிரி அமுக்குதுக்கா, எடது கை கடுக்குதுன்னான். வாயுடா, மோரக் குடி, சரியாப் போயிடும்னேன். அவளக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கிப் போன்னு எனக்குச் சொல்லத் தெரியல. எங்க மாமனாருக்கும் மோருலதான் வலி கேட்டுச்சு, எனக்கும் அதுலதான் கேக்கும். பதினாறு நாளும் நீ அந்த மோரச் சொல்றப்பல்லாம், அக்காதான் குடிக்கச் சொன்னாங்கன்னு இவ இப்பச் சொல்லிடுவா, இப்பச் சொல்லிடுவான்னு கெடந்தேன். நீ பாத்திரம் தேச்சேன்னு சொன்னதும், ஒனக்கும் என்னமோ இருக்குன்னு எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு. அதுக்குத்தான் ஒன்ன அன்னிக்கே கேக்கல. பாவி நான்."

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"அவரு எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நானும் கேட்டேன். அவகிட்டச் சொன்னியாடான்னு. 'வேண்டாங்க்கா, சொன்னா ஒடனே கெளம்புன்னு உயிர வாங்குவா. மத்தியானத்துக்குப் படம் ஒண்ணு தேடி வச்சுருக்கா, ரொம்ப ஆசையா இருக்கா. நாளைக்கிப் பாத்துக்கலாம்'னான்."

எனக்குக் கோபம் வந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக எனக்குள் ஏதோ ஒன்று வந்தது, வந்தது கோபம். அந்த மனுஷன்மேல். நிலைப்படியில் ஒரு நிமிடம் நின்றாரே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. படத்தை நிறுத்து என்று ஒரு வார்த்தை. நான் நிறுத்தியிருக்கமாட்டேனா? இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு அதுகூடவா தெரியாது? காதெல்லாம் சூடாகிவிட்டது. சோறு காய்ந்துகொண்டிருந்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அந்தப் படம் நல்லாவே இல்லைங்க அண்ணி" என்றேன். நாத்தனார் எச்சில் கையோடேயே என்னை இழுத்துக் கட்டிக்கொண்டார். நான் அழுதேன். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்கிற அளவுக்கு அழுதேன். அந்த வீட்டில் அப்படிச் சத்தம் கேட்டுப் பழகியிருந்ததால் யாரும் உள்ளே வரவில்லை.